துயிலாத கண்களும் தூங்கும் நிருவாகமும்

சாமக்கோழி கூவும் நேரம். ஊர் உறங்குகின்றது. பகலெல்லாம் தோட்டத்தில் நின்ற கமக்காரன் உறங்குகின்றான். கந்தோர்க் கோப்புகளோடு போராடிய உத்தியோகத்தன் உறங்குகின்றான். சட்டங்களை ஆக்குவோரும் அவற்றை நடத்துவோரும் உறங்குகின்றனர். வைத்தியசாலையின் நீண்ட விடுதியிலே ஒருத்தி மட்டும் உறங்கவில்லை. வரிசையாய்க் கிடக்கும் கட்டில்களினூடே அவள் நடந்துகொண்டிருக்கின்றாள். ஒரு கட்டிலிலே சேலைன் முடியுந் தறுவாயில் இருக்கின்றது. இன்னொன்றிலே சத்திர சிகிச்சை முடிந்து வந்தவர் வலியால் முனகுகின்றார். மூன்றாவதிலே முதியவர் ஒருவர் எவரையும் அழைக்க இயலாமல் மூச்சுக்குத் திணறத் தொடங்குகின்றார். அந்தத் திணறலைக் கேட்பதற்கு அவளுடைய காதைத் தவிர வேறு காது இல்லை. அது கேளாமற் போனால், விடியும்போது அந்தக் கட்டில் வெறுமையாய் இருக்கும்.

அந்தக் காது களைத்திருக்கின்றது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

தாதியரைப் புகழ்வதில் நாம் குறை வைத்தவர்களல்லர். புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் பிறந்த மே மாதம் 12ஆந் திகதி வந்துவிட்டால் ஆண்டுதோறும் மேடைகள் அமைகின்றன, விளக்குகள் ஏற்றப்படுகின்றன, 'தியாகச் சுடர்', 'வெண்ணிறத் தேவதை' என்னும் சொற்கள் மழையாய்ப் பொழிகின்றன. 2020-இல் கொள்ளைநோய் உலகைச் சூழ்ந்தபோது பல நாடுகளிலே மக்கள் வீட்டு வாயிலில் நின்று கைதட்டினார்கள். நன்று. ஆனால், கைதட்டல் ஓய்ந்தபின் அந்தத் தாதி எத்தனை மணிக்கு வீடு சென்றாள், எத்தனை மணி நேரம் உறங்கினாள், மறுபடி எத்தனை மணிக்கு அழைக்கப்பட்டாள் என்று கேட்டவர் எத்தனை பேர்?

நாம் துணிந்து கூறுவோம்: தாதியின் களைப்பு அவளது குணத்தின் குறையன்று, நிருவாகத்தின் கணக்கிலுள்ள குறை. கந்தோரிலே வகுக்கப்பெறும் கடமைப் பட்டியலிற்றான் அந்தக் களைப்புப் பிறக்கின்றது. அங்கே பிறந்த பிழைக்கு விடுதியிலே நிற்பவளைக் குற்றவாளியாக்குவது நீதியாகாது.

கமக்காரன் அறிந்த உண்மை

இதனை விளங்கிக்கொள்ள எமது கமக்காரருக்குப் பட்டப் படிப்பு வேண்டியதில்லை. நீரிறைக்கும் இயந்திரம் வருவதற்கு முன்னர், எம்மவர் துலா மிதித்துத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சினார்கள். ஒருவன் துலாவில் ஏறி நடப்பான். ஒருவன் பட்டையைப் பிடிப்பான். ஒருவன் வாய்க்காலில் நின்று நீரைத் திருப்புவான். ஒருவனையே விடிய விடியத் துலாவில் நடக்கவிட்ட வீட்டுக்காரன் உண்டா? கால் தடுமாறினால் கிணறு என்பதை அவன் அறிவான். ஆதலால் ஆள் மாறினார்கள். ஏரிற் பூட்டிய மாட்டையும் உச்சி வெயில் ஏறியதும் அவிழ்த்து நிழலிற் கட்டினார்கள். மாட்டுக்குக் கொடுத்த நியாயத்தை மனிதருக்கு, அதிலும் எமது உயிரைக் கையில் வைத்திருப்போருக்கு, மறுப்பது எந்த வகை நாகரிகம்?

தோட்டத்துக் களைப்புக்கும் விடுதிக் களைப்புக்கும் ஒரு வேற்றுமை உண்டு. தோட்டத்திற் களைத்தவன் படுத்தால் உறக்கம் தானாக வரும். இரவு முழுவதும் விழித்துவிட்டுக் காலையில் வீடு திரும்பிய தாதிக்கு அது வருவதில்லை. காரணம் யாது?

மனித உடம்பினுள்ளே ஒரு கடிகாரம் ஓடுகின்றது. மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஒரு சிறு நரம்புத் திரளே அதன் தலைமையிடம். கதிரவனின் ஒளியை அளவுகோலாகக் கொண்டு, எப்போது விழிக்க வேண்டும், எப்போது உறங்க வேண்டும், உடற்சூடு எப்போது ஏற வேண்டும், எப்போது இறங்க வேண்டும் என்பவற்றை அது நடத்துகின்றது. உயிரணுக்களினுள்ளே இக்கடிகாரம் இயங்கும் முறையைக் கண்டறிந்தமைக்காக, ஹோல், ரொஸ்பாஷ், யங் என்னும் மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அதிகாலை 3 மணிக்கும் 5 மணிக்கும் இடையில் உடற்சூடும் விழிப்பும் மிகத் தாழ்ந்து நிற்கின்றன. கடமைப் பட்டியலிலே 'இரவு' என்று எழுதிவிட்டதனால் அந்தக் கடிகாரம் திரும்பி ஓடிவிடாது. இரவில் உடம்பு உறங்கு என்கின்றது. உத்தியோகம் விழி என்கின்றது. பகலில் உத்தியோகம் உறங்கு என்கின்றது. உடம்போ விழி என்கின்றது. வெயில், வீதியின் இரைச்சல், குழந்தைகளின் அழுகை, அடுப்படி வேலை ஆகியவற்றின் நடுவே கிடைக்கும் அந்தப் பகலுறக்கம் நீளத்திலுங் குறைவு, ஆழத்திலுங் குறைவு.

ஒரு நாள் குறைந்தால் உடம்பு தாங்கும். பல நாள் குறைந்தால் கடன் வட்டியோடு பெருகுவதுபோல அது பெருகும். நீண்டகாலம் இரவு வேலை செய்வோரைக் குறித்து, சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2007-இல் ஓர் எச்சரிக்கை விடுத்தது. இரவு முறை வேலையை, மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் எனப் பெரிதும் கருதத்தக்கவற்றின் வகுப்பிலே அது சேர்த்தது. 2019-இல் மீண்டும் ஆராய்ந்து அதே முடிவை உறுதிசெய்தது.

மது அருந்தாத மயக்கம்

1997-இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்களாகிய டோசன், றீட் என்போர் ஓர் எளிய சோதனை செய்தனர். ஒரே ஆட்களை ஒரு முறை உறங்கவிடாமல் வைத்தும், இன்னொரு முறை மதுசாரம் அருந்தச் செய்தும், கையும் கண்ணும் ஒத்துழைக்க வேண்டிய ஒரு வேலையைக் கொடுத்துப் பார்த்தனர். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவனின் திறமை, குருதியில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளவனின் திறமைக்குச் சமமாகத் தாழ்ந்தது. 24 மணி நேரம் விழித்திருந்தவனோ ஏறத்தாழ 0.10 வீதம் உள்ளவனைப் போலானான். உலகின் பல நாடுகளிலே 0.05 வீதத்தைக் கடந்தவன் வாகனம் ஓட்டினால் பொலிசார் பிடிப்பர்.

இனி எமது நாட்டுக் கணக்கைப் பார்ப்போம். அரசாங்க வைத்தியசாலைகளில் நெடுங்காலமாய் வழங்கிவரும் முறையின்படி காலைக் கடமை 7 மணி முதல் 1 மணி வரை. பிற்பகற் கடமை 1 மணி முதல் 7 மணி வரை. இரவுக் கடமை மாலை 7 மணி முதல் மறுநாட் காலை 7 மணி வரை. ஆறு, ஆறு, பன்னிரண்டு. தாளிலே பார்த்தால் அழகான பங்கீடு. ஆனால் ஆள் போதாத விடுதியிலே, காலைக் கடமையை முடித்துச் சென்றவள் அன்று மாலையே இரவுக் கடமைக்குத் திரும்புகின்றாள் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகளுக்குச் சோறு கட்டுவதற்காக அவள் காலை 5 மணிக்கு எழுந்திருந்தால், இரவு 10 மணிக்கு 17 மணி நேரம் நிறைந்துவிடும். மறுநாட் காலை 5 மணிக்கு 24 மணி நேரம் நிறையும். இடையிற் பகலில் ஒரு மணி நேரம் கண்ணயர்ந்திருந்தாலும் அது முழு உறக்கத்துக்கு ஈடாகாது. அந்த 5 மணிக்குத்தான் அவள் ஊசி மருந்தின் அளவைக் கணக்கிடுகின்றாள். சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் அளக்கின்றாள். சாரதிக்கு மறுக்கப்பட்ட மயக்கத்தை நாம் தாதிக்குக் கட்டளையாக இடுகின்றோம்!

அமெரிக்காவிலே 393 தாதியர் தத்தம் வேலை நேரத்தையும் பிழைகளையும் தாமே குறித்துவந்த ஏடுகளை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்டனர். 5,317 கடமைகள் அதில் அடங்கின. கடமை பன்னிரண்டரை மணி நேரத்தையோ அதற்கு மேலோ தொட்டபோது பிழை நேரும் வாய்ப்பு மும்மடங்காயிற்று. எமது இரவுக் கடமை 12 மணி நேரம். நோயாளரின் நிலையை அடுத்த தாதிக்குச் சொல்லிக் கையளிப்பதற்கு மேலும் அரை மணி நேரம் சென்றாற் பன்னிரண்டரை!

கண்ணுக்குத் தெரியாத சுமை

'இரவிலே நோயாளர் உறங்குவர். தாதி சும்மா இருப்பாள்தானே' என்று கூறுவோர் உளர். கைவேலையை மட்டுமே வேலையென்று எண்ணும் பழக்கத்தின் விளைவு இது. தாதியின் பெருஞ்சுமை தலைக்குள்ளே இருக்கின்றது. எந்தக் கட்டிலுக்கு எப்போது எந்த மருந்து, எவருக்கு எது ஒவ்வாது, எவரின் சிறுநீர் அளவு குறைந்தது, எவரின் நாடி விரைந்தது, வைத்தியரை இப்போதே எழுப்புவதா, இன்னும் அரை மணி பொறுப்பதா என்னும் இத்தனையும் ஒரே வேளையில் ஒரே தலையில் சுழல்கின்றன.

இத்தகைய சுமையை அளப்பதற்கு அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவில் ஹார்ட், ஸ்டேவ்லண்ட் என்னும் இருவர் 1988-இல் ஓர் அளவுகோலை வெளியிட்டனர். மனத்துக்குரிய பளு, உடலுக்குரிய பளு, நேர நெருக்கடி, செய்த வேலையில் நிறைவு, எடுத்த முயற்சி, மன எரிச்சல் என ஆறு கூறுகளை அது அளக்கின்றது. விமானிகளுக்காகத் தோன்றிய அந்த அளவுகோல் இன்று தாதியரின் சுமையை அளப்பதற்கும் பயன்படுகின்றது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். விமானியின் சுமையை அளந்த உலகம், அவன் இத்தனை மணிக்கு மேற் பறக்கக் கூடாது என்று சட்டமும் செய்தது. தாதியின் சுமையை அளந்தபின் பல நாடுகள் என்ன செய்தன? ஆய்வேட்டை அலுமாரியில் வைத்துப் பூட்டின.

இந்த மனச்சுமையை இரு மடங்காக்குவது இடையூறு. சிட்னி நகரின் இரு போதனா வைத்தியசாலைகளில் 98 தாதியர் மருந்து கொடுப்பதை அருகிருந்து நோக்கிய ஆய்வொன்று 2010-இல் வெளிவந்தது. நோக்கப்பட்டவை 4,271 தடவைகள். அவற்றுட் பாதிக்கு மேற்பட்டவற்றில் யாரோ ஒருவர் குறுக்கிட்டார். ஒவ்வொரு குறுக்கீட்டோடும் மருந்துப் பிழை நூற்றுக்கு 12.7 வீதம் கூடியது. எண்ணிக்கொண்டிருப்பவரை இடையில் அழைத்தால் எண்ணிக்கை தவறும் என்பது நெல் அளக்கும் எவருக்குந் தெரியும். அங்கே தவறினால் ஒரு மரக்கால் நெல்; இங்கே தவறினால் ஓர் உயிர்.

சுமையைத் தீர்மானிப்பது தலைக்கணக்குமாகும். பென்சில்வேனியா மாநிலத்தின் 168 வைத்தியசாலைகளை ஆராய்ந்து பேராசிரியை லிண்டா எய்க்கன் குழுவினர் 2002-இல் வெளியிட்ட முடிவு உலகறிந்தது. ஒரு தாதியின் பொறுப்பிலே ஒரு நோயாளி கூடும்போது, சத்திர சிகிச்சை பெற்ற நோயாளர் 30 நாட்களுள் இறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 வீதம் ஏறியது. தாதியர் உள்ளஞ் சோர்ந்து எரிந்துபோகும் வாய்ப்பு 23 வீதம் ஏறியது. நால்வரைப் பார்க்க வேண்டிய தாதி எண்மரைப் பார்த்தால் இறக்கும் வாய்ப்பு 31 வீதம் கூடுகின்றது. எமது விடுதிகளிலே ஒரு தாதி இரவில் எத்தனை நோயாளரைப் பார்க்கின்றாள்? வாசகர்களே, அடுத்த முறை செல்லும்போது நீங்களே எண்ணிப் பாருங்கள்.

எமது நாட்டின் நிலை

2022-இல் இந்நாடு கடனிறுக்க வழியின்றி வீழ்ந்தது. அந்த ஆண்டே அரசாங்க ஊழியர் ஐந்து ஆண்டுகள் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு சென்று உழைக்கலாம் என்று சுற்றறிக்கை வந்தது. பயிற்சி பெற்ற கைகள் பறந்தன, வைத்தியர் சென்றனர், தாதியர் சென்றனர். சென்றோரைப் பழிப்பதற்கில்லை. அவர்களுக்கும் அடுப்பு உண்டு, குழந்தைகள் உண்டு. ஆனால் அவர்கள் விட்டுச் சென்ற கடமைகள் அவர்களோடு கப்பலேறவில்லை. அவை எஞ்சியிருப்போரின் தோளிலே ஏறின.

இங்கே ஓர் உண்மையை மறையாது கூற வேண்டும். மேலதிக நேர வேலையை நிருவாகம் மட்டும் விரும்பவில்லை. பல தாதியரும் அதனை விரும்பி ஏற்கின்றனர். 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தின்போது, மேலதிக நேரக் கொடுப்பனவு குறைகின்றது என்று கூறித் தாதியர் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தமை யாவரும் அறிந்ததே. 'களைப்பு என்கின்றீர்கள், மேலதிக நேரமும் வேண்டும் என்கின்றீர்கள், இஃது என்ன முரண்பாடு?' என்று கேட்போர் உளர். முரண்பாடு தாதியிடம் இல்லை. சம்பளப் பட்டியலில் இருக்கின்றது. அடிப்படைச் சம்பளத்திலே குடும்பம் நடத்த முடியாதவள் தன் உறக்கத்தை விற்றுத்தான் அரிசி வாங்குகின்றாள். விற்றவளைக் கண்டிப்பதா? விற்கும்படி செய்த விலைவாசியையும் வேதனத்தையும் கண்டிப்பதா? மேலதிக நேரத்தை மட்டும் வெட்டி, அடிப்படைச் சம்பளத்தை உயர்த்தாமல் விட்டால், களைப்போடு பசியுஞ் சேரும்.

தமிழ் மக்கள் வாழும் பகுதிகளுக்கு இன்னுமொரு சுமை உண்டு. நோயாளி பேசும் மொழி தாதிக்குத் தெரியாவிட்டால் அவளது சுமை இரட்டிக்கின்றது. 'நெஞ்சு அடைக்கின்றது' என்பதற்கும் 'நெஞ்சு எரிகின்றது' என்பதற்கும் உள்ள வேற்றுமை உயிருக்கும் சாவுக்கும் உள்ள வேற்றுமையாகலாம். நள்ளிரவிலே மொழிபெயர்ப்பாளனைத் தேடி எங்கே போவது? 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரி டாக்டர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். நோயும் மருந்தும் மக்களின் மொழியிலே பேசப்பட வேண்டும் என்பதை அந்நியராகிய அவர் அன்றே உணர்ந்தார். வேற்று மொழித் தாதி தொலைவிலிருந்து வந்து எமக்குச் சேவை செய்வதை நாம் நன்றியோடு ஏற்கின்றோம். ஆனால் மொழியறியாத இடத்துக்கு ஒருவரை அனுப்பி, மொழியைக் கற்க நேரமும் கொடாது, இரவுக் கடமையிலே நிறுத்துவது அவளுக்கும் தீங்கு, நோயாளிக்கும் தீங்கு.

யப்பானியத் தாதியர் காட்டிய வழி

'இவையெல்லாம் மாறக் கூடியவையா?' என்று கேட்போருக்கு யப்பானின் கதையைச் சொல்வோம். அங்கும் ஒரு காலத்தில் தாதி ஒருத்தி தனியே இரவு விடுதியைக் காத்தாள். மாதத்தின் பல இரவுகள் அவளுக்கு அவ்வாறே கழிந்தன. தேசிய வைத்தியசாலைத் தொழிலாளரின் சங்கம் 1963-இல் அரசாங்கத்தின் ஆளணி அதிகாரசபையிடம் முறையிட்டது. 1965-இல் தீர்ப்பு வந்தது. இரவுக் கடமை மாதத்துக்கு 8 நாட்களுக்கு உட்பட்டிருத்தல் வேண்டும். தனியொருத்தியை இரவில் நிறுத்துவது ஒழிய வேண்டும் என்பதே அதன் சாரம்.

தீர்ப்பு வந்ததும் திருத்தம் வந்துவிடவில்லை. தாள் தாளாகவே கிடந்தது. 1968-இல் நீகாட்டா மாகாண வைத்தியசாலைகளின் தாதியர் இரவுக் கடமையை மட்டுப்படுத்தும் போராட்டத்தில் இறங்கினர். 'இருவர், எட்டு நாள்' என்பதே அவர்களின் முழக்கம். இரவிலே குறைந்தது இருவர். மாதத்தில் எட்டு இரவுகளுக்கு மேல் இல்லை. சம்பளத்தை மட்டும் கேட்கும் முழக்கம் அன்று அது. நோயாளியின் உயிருக்கும் காவலாய் நின்ற முழக்கம். ஆதலின் அது நாடெங்கும் பரவியது. 1992-இல் தாதியரின் ஆளணியை உறுதிசெய்வதற்கெனச் சட்டமொன்றும் நிறைவேறியது.

அந்தக் கதையின் பிற்பகுதியும் எமக்குப் பாடமாகும். இரவுகளின் எண்ணிக்கைக்கு எல்லை வந்தபின், பல வைத்தியசாலைகள் கடமையை இரண்டாக வகுத்து ஓர் இரவை 16 மணி நேரமாக நீட்டின. நாள் குறைந்தது, நேரம் நீண்டது! ஆகவே யப்பானியத் தாதியர் சங்கம் 2013-இல் வழிகாட்டி நெறிகளை வெளியிட்டு, ஒரு கடமை 13 மணி நேரத்தைக் கடக்கலாகாது, இரு கடமைகளுக்கிடையே 11 மணி நேர இடைவெளி வேண்டும் என்று கூற வேண்டியதாயிற்று. அதற்கு முன்னரே ஓர் இளந் தாதி 2001-இல் மூளையிற் குருதி கசிந்து இறந்தாள். மேலதிக நேரத்தின் அளவை மட்டும் பாராது, ஒழுங்கற்ற இரவுக் கடமையின் கடுமையையும் கருத்திற் கொண்டு, அவளது மரணம் வேலையால் விளைந்ததே என்று ஒசாக்கா நீதிமன்றங்கள் 2008-இல் தீர்ப்பளித்தன. மணிக்கணக்கு மட்டும் சுமையன்று, முறைமாற்றமும் சுமையே என்பதை நீதியின் வாயே கூறிற்று.

பணமில்லை என்னும் பாட்டு

'ஏழை நாடு, பணமெங்கே?' என்பது அரசாங்கங்களின் பழம் பாட்டு. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 2016-இல் குறிப்பிட்ட வைத்தியசாலைகளில் ஒரு விதி செய்தது. பகலிற் சராசரியாக நான்கு நோயாளருக்கு ஒரு தாதி. இரவில் ஏழு நோயாளருக்கு ஒரு தாதி. அதன் பயனை ஆராய்ந்து 2021-இல் வெளியிட்டனர். இறப்புக் குறைந்தது, மீண்டும் நோயுற்று வருவோர் தொகை கூடவில்லை, வைத்தியசாலையிற் கிடக்கும் நாட்களும் குறைந்தன. இவற்றால் மீந்த பணம், மேலதிகத் தாதியருக்குச் செலவான பணத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு! கலிபோர்னியா மாநிலமோ 1999-இற் சட்டமியற்றி, 2004 முதல் அதனை நடைமுறைப்படுத்தி வருகின்றது. அவை செல்வ நாடுகள்; உண்மைதான். அவர்களின் எண்ணிக்கையை நாளையே இங்கு எட்ட முடியாது, அதுவும் உண்மை. ஆனால் ஒரு கடமைக்கும் மறு கடமைக்கும் இடையே உறங்க நேரம் விட்டுப் பட்டியல் எழுதுவதற்கு எந்தச் செல்வம் வேண்டும்? அதற்கு வேண்டியது மனம்.

நாம் கேட்பவை இவை:

ஒன்று: ஒரு கடமை முடிந்து மறு கடமை தொடங்குவதற்கிடையில் 12 மணி நேரத் தொடர் ஓய்வு வேண்டும். இஃது எமது கற்பனையன்று. சர்வதேசத் தொழில் தாபனம் 1977-இல் தாதியருக்கென வகுத்த விதந்துரையிலே உள்ளது. மேலதிக நேரத்தையும் சேர்த்து ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது என்பதும் அதிலேயே உண்டு.

இரண்டு: மாதத்துக்குரிய இரவுகளுக்கு ஓர் எல்லை வேண்டும், எந்த விடுதியிலும் ஒருத்தி தனியே இரவைக் கழிக்கும் நிலை ஒழிய வேண்டும்.

மூன்று: பட்டியல் காலை, பிற்பகல், இரவு என்னும் ஒழுங்கிலே முன்னோக்கிச் சுழல வேண்டும். உடம்பின் கடிகாரம் 24 மணி நேரத்திலுஞ் சற்றே நீண்டது. ஆதலால் உறக்கத்தைப் பின்தள்ளுவது எளிது, முன்னிழுப்பது கடினம்.

நான்கு: இரவுக் கடமையின் நடுவே முறைவைத்து அரை மணி நேரமாவது கண்ணயர இடமும் இசைவும் வேண்டும். ஒளித்திருந்து உறங்கினால் குற்றம்; விதிப்படி உறங்கினால் மருந்து.

ஐந்து: அடிப்படைச் சம்பளம் உயர வேண்டும், உறக்கத்தை விற்றுத்தான் வாழ வேண்டும் என்னும் நிலை மாற வேண்டும்.

ஆறு: ஒவ்வொரு விடுதியிலும் அன்றன்றைய நோயாளர் தொகையும் தாதியர் தொகையும் யாவருங் காண எழுதி மாட்டப்பட வேண்டும். மறைக்கப்பட்ட கணக்கு திருத்தப்படுவதில்லை.

எமது பங்கு

அரசாங்கத்தைக் கேட்டதோடு எமது கடமை முடிந்துவிடாது. மருந்து கொடுக்கும் வேளையிலே, 'தங்கச்சி, டொக்டர் எப்ப வருவார்?' என்று கையைப் பிடித்து மறிப்பவர் நாமே. பார்வையாளர் நேரம் முடிந்தபின்னும் பத்துப் பேராய்க் கட்டிலைச் சூழ்ந்து நிற்பவரும் நாமே. மருந்து கொடுப்பவளை மறிக்கும்போது தம் உறவினரின் உயிரோடு விளையாடுகின்றோம் என்பதை எம்மவர் உணர வேண்டும். இரவுக் கடமை முடித்துவந்து பகலிற் படுத்திருக்கும் மருமகளை, 'வெயில் ஏறியும் கிடக்கின்றாளே' என்று ஏசும் மாமியாரும், அடுப்பையும் அவளிடமே விட்டுவிடும் கணவனும் அந்தக் களைப்பின் பங்காளிகளே. வீட்டுக்குள் நாம் கொடாத உறக்கத்தை நாட்டிடம் மட்டும் கேட்பது எப்படி?

கல்வி கற்ற எமது உத்தியோகத்தருக்கு ஒரு வார்த்தை. வைத்தியசாலை அபிவிருத்திச் சபைகளிலே அமர்ந்திருப்போர் உங்களிற் பலர். புதிய கட்டிடத்துக்கும் புதிய இயந்திரத்துக்கும் பணம் சேர்க்கின்றீர்கள். பெயர்ப் பலகையும் திறக்கின்றீர்கள். அடுத்த கூட்டத்திலே கடமைப் பட்டியலையும் மேசையிலே வைக்கும்படி கேளுங்கள். ஒரே நாளிற் காலையும் இரவும் கடமை செய்தவர் எத்தனை பேர் என்று வினவுங்கள். அந்த ஒரு வினா பல இலட்சம் ரூபாய்க் கட்டிடத்திலும் அதிக உயிரைக் காக்கக் கூடும்.

இன்றிரவும் சாமக்கோழி கூவும். அப்போது எமது தாயோ தந்தையோ குழந்தையோ அந்த நீண்ட விடுதியின் ஒரு கட்டிலிலே கிடக்கலாம். அருகே வரும் தாதியின் கண்கள் தெளிந்திருக்குமா, மங்கியிருக்குமா என்பதை அவளது தியாகம் தீர்மானிப்பதில்லை. எங்கோ ஒரு கந்தோரிலே, பகல் வெளிச்சத்திலே, நன்றாய் உறங்கியெழுந்த ஒருவர் எழுதிய பட்டியலே அதனைத் தீர்மானிக்கின்றது. அந்தப் பட்டியலை மாற்றுங்கள். தாதிக்கு மாலை வேண்டாம். அவளுக்குரிய உறக்கத்தைக் கொடுங்கள்.